பழவேற்காட்டில் வாத்து வேட்டை!

துப்பாக்கி ஓய்ந்த கதை, ஓயாத ஆபத்து

மணலி புதுநகரை ஒட்டிக் கொசஸ்தலை ஆறு ஓடுகிறது. ஒரு பக்கம் ஆலைகளின் புகைபோக்கிகள், மறுபக்கம் ஆறு. கிழக்கே போனால் எண்ணூர் கழிமுகம். வடக்கே காட்டுப்பள்ளி. அதற்கும் அப்பால் பழவேற்காடு.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இந்தப் பக்கத்து வானத்தில் ஒரு மாறுதல் தெரியும். பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். உள்ளூர்ப் பறவைகள் அல்ல இவை. பல ஆயிரம் மைல் பறந்து வந்த வெளிநாட்டு விருந்தாளிகள்!

இன்று இந்த விருந்தாளிகளைக் காணத் தொலைநோக்கியும் புகைப்படக் கருவியுமாக வருகிறார்கள். ஒரு காலத்தில் அப்படி அல்ல. இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வந்தார்கள்!

வாத்து வேட்டை அந்தக் காலத்துத் துரைமார்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. அதற்கென்று ஒரு பருவம் உண்டு. படகு உண்டு. வழிகாட்ட ஆள் உண்டு. சட்டமும் பிறகு வந்தது. அந்த வேட்டை எப்படி நடந்தது? எப்படி நின்றது? நின்ற பிறகு பறவைகள் நிம்மதியாக இருக்கின்றனவா? சுவையான கதை அது. கொஞ்சம் கசப்பும் கலந்த கதை.

ஏன் வருகின்றன?

முதலில் பறவைகளைப் பற்றிப் பார்ப்போம்.

சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குளிர்காலம் வந்தால் ஏரிகள் உறைந்துவிடும். தண்ணீர் கல்லாகிவிட்டால் வாத்துக்கு ஏது சாப்பாடு? எனவே அவை தெற்கே புறப்படுகின்றன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஆண்டி வாத்து, கிளுவை என்று பல இனங்கள். வாத்தோடு உள்ளான்களும் வருகின்றன. தை, மாசி வரை தங்கி, வெயில் ஏறத் தொடங்கியதும் வடக்கே திரும்புகின்றன.

இவற்றில் வரித்தலை வாத்து ஒரு வீரன். திபெத்து, மங்கோலியா பக்கத்தில் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்கு வரும். மனிதன் மூச்சுத் திணறும் உயரத்தில், காற்று மெலிந்துபோன இடத்தில், சிறகடித்துப் பறக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளம் வரை வந்து இறங்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழவேற்காடு ஏரி இந்த விருந்தாளிகளுக்கு ஏற்ற இடம். இந்தியாவில் ஒரிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்த பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்கோடி தமிழ்நாட்டில். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புநீரைக் கொண்டுவரும். இரண்டும் கலந்த இடத்தில் மீன், இறால், புழு, பூச்சி, பாசி எல்லாம் செழிக்கும். தண்ணீர் பல இடங்களில் முழங்கால் அளவுதான். நீண்ட கால்களை ஊன்றி நடக்கும் பூநாரைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

துரைமார் வந்த வழி

எண்ணூர் இன்று துறைமுகத்துக்கும் மின்நிலையத்துக்கும் பேர் போனது. கம்பெனி ஆட்சிக் காலத்தில் அது சென்னை வெள்ளைக்காரர்களின் உல்லாசத் தலம். கடல் காற்று வாங்கவும், கழியில் படகு விடவும் அங்கே போவார்கள்.

போவதற்கு வழியும் ஏற்பட்டது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. 'காக்ரேன் கால்வாய்' என்று அதற்குப் பெயர். பிறகு அது பழவேற்காட்டுக்கும் அதற்கு வடக்கேயும் நீட்டப்பட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் ஆட்டிப் படைத்தது அல்லவா? அப்போது பஞ்ச நிவாரண வேலையாகக் கால்வாயின் விட்டுப்போன பகுதிகள் வெட்டி இணைக்கப்பட்டன. கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது.

உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அந்தக் கால்வாயில் போய்வந்தன. பருவம் வந்தால் வேட்டைக்காரர் படகுகளும் போயின.

பொழுது விடியுமுன்...

வாத்து வேட்டை என்றால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுட்டுவிட்டு வருவது என்று நினைத்துவிடக் கூடாது. வாத்துக்குக் கண் மிகவும் கூர்மை. ஒரு தொப்பி அசைந்தால் போதும். கூட்டம் முழுவதும் கிளம்பிவிடும்.

ஆகவே பொழுது விடிவதற்கு முன்பே போக வேண்டும். எங்கே போவது? அங்கேதான் வழிகாட்டி தேவைப்படுகிறான். 'சிக்காரி' என்று அவனை அழைத்தார்கள். எந்தப் பக்கம் பாசி அதிகம், எந்த மேட்டில் வாத்து இரவில் ஒதுங்கும், காற்று எந்தத் திசையில் அடித்தால் கூட்டம் எந்தப் பக்கம் எழும்பும் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். புத்தகத்தில் படித்த அறிவு அல்ல. தண்ணீரிலும் சேற்றிலும் கிடந்து பெற்ற அறிவு.

நாணலையும் கோரையையும் ஒடித்து ஒரு மறைப்புக் கட்டுவார்கள். துரை அதற்குள் உட்கார்ந்துகொள்வார். கழியின் மறுகோடியில் சில ஆட்கள் படகில் மெல்லச் சுற்றிக்கொண்டு போவார்கள். விடிந்ததும் அவர்கள் சத்தம் போட்டுக் கலைப்பார்கள். வாத்துக் கூட்டம் 'விர்' என்று எழும்பி மறைப்பின் மேலாகப் பறக்கும். 'டமார்! டமார்!' தோட்டாவிலிருந்து சிதறும் ஈய ரவைகள் பாய்ந்து பறவைகள் தண்ணீரில் பொத்துப் பொத்தென்று விழும். விழுந்ததை எடுத்துவர ஆளோ நாயோ போகும்.

உள்ளான் வேட்டை இன்னும் கடினம். வயல் சேற்றில் பதுங்கி இருக்கும் சின்னப் பறவை அது. காலடியில் இருந்து கிளம்பி வளைந்து வளைந்து பறக்கும். குறி வைப்பதற்குள் மறைந்துவிடும். இதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்னைப்' என்று பெயர். இதைச் சுடுபவன் குறி தவறாதவனாக இருக்க வேண்டும் அல்லவா? அதனால்தான் யுத்தத்தில் மறைந்திருந்து சுடுகிறவனை 'ஸ்னைப்பர்' என்கிறார்கள். அந்தச் சொல் 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் உள்ளான் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களிடமிருந்து பிறந்த சொல்!

துப்பாக்கி இல்லாத வேட்டை

துரைமார் வருவதற்கு முன்பும் நம் நாட்டில் நீர்ப்பறவை வேட்டை இருந்தது. அதற்குத் தோட்டாச் செலவு கிடையாது.

இந்தியாவின் பல ஏரிகளில் ஒரு வேடிக்கையான முறை இருந்தது. பழைய மண்பானைகளைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். சில நாளில் வாத்துகளுக்குப் பானை பழகிவிடும். பிறகு வேட்டைக்காரன் ஒரு பானையில் கண்ணுக்கு ஓட்டை போட்டு அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்து வரை தண்ணீரில் இறங்கி, மெல்ல நகர்ந்து போவான். வாத்துக்குத் தெரிவது மிதக்கும் பானை. வாத்தின் கால் தண்ணீருக்குள் இருக்கிறது. அவன் கையும் தண்ணீருக்குள் இருக்கிறது. 'லபக்' என்று இழுத்துக்கொள்வான். பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது!

தமிழ்நாட்டில் பறவை வேட்டை என்றதும் நினைவுக்கு வருகிறவர்கள் நரிக்குறவர்கள். 'குருவிக்காரர்' என்றே அவர்களுக்கு ஒரு பெயர். கண்ணி, வலை, நாட்டுத் துப்பாக்கி ஆகியவை அவர்கள் கருவிகள். பறவையைப் போலவே குரல் கொடுத்து அதை அருகில் வரவழைப்பதில் கெட்டிக்காரர்கள். நாள் கணக்கில் பசியோடு காத்திருக்கவும் தெரியும். கிடைத்ததைப் பங்கிட்டு உண்ணவும் தெரியும். துரைக்கு வேட்டை பொழுதுபோக்கு. இவர்களுக்கு அது அன்றாடச் சோறு. இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. கதையின் பின்பகுதியில் இது முக்கியமாகிறது.

ஒரே நாளில் 4,273!

வேட்டை அளவோடு இருந்தவரை பறவைக் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மனிதனுடைய ஆசைக்கு அளவு ஏது?

ராஜஸ்தானத்தில் பரத்பூர் சமஸ்தானம் இருந்தது. அதன் மகாராஜா ஒரு பெரிய சதுப்பு ஏரியை வாத்து வேட்டைக்கென்றே வைத்திருந்தார். 1938 நவம்பர் 12-ஆம் தேதி அங்கே ஒரு வேட்டை நடந்தது. வைசிராய் லின்லித்கோ பிரபு விசேஷ விருந்தாளி. துப்பாக்கிகள் 39. அன்று ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். இன்றும் அந்தக் கல் அங்கே நிற்கிறது. பெருமைக்காக வைத்த கல் இப்போது வருகிறவர்களைத் திடுக்கிட வைக்கிறது. அதே ஏரிதான் 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்ட கேவலாதேவ் பறவைகள் தேசியப் பூங்கா!

அமெரிக்காவில் நடந்தது இதைவிட மோசம். பயணிப் புறா என்று ஒரு பறவை அங்கே இருந்தது. பறந்தால் சூரியனை மறைக்கும் அளவுக்குக் கூட்டம். வியாபாரத்துக்காகச் சுட்டுச் சுட்டு அழித்தார்கள். கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் செத்தது. அதன் பெயர் மார்த்தா. அத்தோடு அந்த இனமே உலகத்தில் இல்லை.

கரடியும் வழிகாட்டியும்

நீர்ப்பறவைக்குக் கழி என்றால், கரடிக்குக் காடு.

தமிழ்நாட்டுக் காட்டில் இருப்பது நீண்ட கருமயிர்க் கரடி. நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைவு. முன்னம்பற்களில் மேல் வரிசையில் நடுவே இரண்டு பற்கள் கிடையாது. ஏன் தெரியுமா? கறையான் புற்றை நகத்தால் பிளந்து, மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, அந்த இடைவெளி வழியாகக் கறையானை 'உர்ர்' என்று உறிஞ்சும். தேன், இலந்தை, நாவல், கொன்றைக் காய், இலுப்பைப் பூ எல்லாம் அதற்குப் பிடிக்கும். குட்டியை முதுகில் சுமந்து திரியும்.

பழம் தின்கிறதே, சாது என்று எண்ணிவிடக் கூடாது. திடீரென்று எதிர்ப்பட்டால் பாய்ந்துவிடும். முகத்தைத்தான் கீறும். காட்டோர மக்கள் புலியைவிடக் கரடிக்குப் பயப்படுவது இதனால்தான்.

வெள்ளைக்கார சர்க்கார் கரடியைக் கொடிய மிருகங்களின் கணக்கில் வைத்து, கொன்றவர்களுக்கு இனாம் கொடுத்தது. 1912-இல் காட்டுப் பறவைகள், மிருகங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இனப்பெருக்கக் காலத்தில் சுடக் கூடாது என்று தடைக்காலம் விதிக்க அந்தச் சட்டம் வழிசெய்தது. அதன் பட்டியலில் வாத்து இருந்தது. கரடி இல்லை!

கரடி வேட்டைக்கும் வழிகாட்டி இல்லாமல் முடியாது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் என்ற வேட்டைக்காரர் இதற்குச் சாட்சி. புலி, சிறுத்தைகளோடு, மைசூர்ப் பக்கத்தில் பல பேரைக் கீறிக் கொன்ற ஒரு கரடியைச் சுட்ட கதையையும் எழுதியிருக்கிறார். சேலம் ஜில்லாவாக இருந்து இன்று தர்மபுரி மாவட்டமாகிவிட்ட பென்னாகரம் காட்டில், பைரா என்ற பூசாரி இனத்து மனிதர் அவருக்குக் காட்டுப் பாடம் சொன்னவர். மண்குழியில் குடும்பத்தோடு வாழ்ந்த மனிதர். தடம் பார்ப்பதும், காற்றை மோப்பம் பிடிப்பதும் அவரிடம் கற்றதாக ஆண்டர்சனே நன்றியோடு எழுதினார். துப்பாக்கி துரையுடையது, கண்ணும் காதும் பைராவுடையவை.

சுதந்திரத்துக்குப் பின்னும் இந்த வழிகாட்டும் வேட்டை நின்றுவிடவில்லை. 'சிகார் கம்பெனி'கள் தோன்றின. அமெரிக்கப் பணக்காரர்களை அழைத்துவந்து, கூடாரம் போட்டு, சமையல்காரனும் ஜீப்பும் கொடுத்து, காட்டுக்குள் கூட்டிப்போனார்கள். சர்க்காருக்கு டாலர் வந்தது. தடுக்க மனம் வரவில்லை.

சட்டம் வந்தது

வேட்டைக்காரர்களே வேட்டைக்குக் கட்டுப்பாடு கேட்ட விநோதம் நம் நீலகிரியில் நடந்தது. வரையாடுகளும் காட்டுக்கோழிகளும் குறைந்துபோவதைக் கண்டு 1877-இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1879-இல் நீலகிரிக்கென்று தனி வேட்டைச் சட்டமே பிறந்தது. லைசென்ஸ் வேண்டும், பருவத்தில்தான் சுடலாம். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் இப்போது அது வேட்டைச் சங்கம் அல்ல. வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம்!

1972-இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதில்கூட முதலில் சின்ன வேட்டை, பெரிய வேட்டை என்று லைசென்ஸுக்கு இடம் வைத்திருந்தார்கள். 1991-இல் சட்டத்தைத் திருத்தி அந்தக் கதவையும் அடைத்தார்கள். இன்று வாத்தைச் சுட்டாலும் குற்றம். கரடியைச் சுட்டாலும் குற்றம். ஒரு காலத்தில் இனாம் கொடுத்துக் கொன்ற கரடி இப்போது சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான பாதுகாப்பில் இருக்கிறது.

துரைமார் ஊருக்குப் போய்விட்டார்கள். மகாராஜாக்கள் வேறு பொழுதுபோக்குத் தேடிக்கொண்டார்கள். ஆனால் நரிக்குறவன்? அவனுக்கு வேட்டை போனதும் சோறு போயிற்று. நாட்டுத் துப்பாக்கியை வைத்துவிட்டு ஊசியும் பாசிமணியும் எடுத்துக்கொண்டு பஸ் நிலையங்களுக்கு வந்தான். ஏரியைக் கண்ணால் அளந்தவன் பிளாட்பாரத்தில் பாய் விரித்தான். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பறவைகளைக் காக்கச் சட்டம் செய்தவர்கள், பறவைகளை நன்றாக அறிந்த இந்த மனிதர்களையே காவலர்களாக வைத்திருக்கலாமே என்று எண்ணத் தோன்றுகிறது.

வேடந்தாங்கல் வழி

சட்டத்துக்கு வெகு காலம் முன்பே வேறொரு வழியைக் கண்டுபிடித்தவர்கள் நம் குடியானவர்கள்.

செங்கற்பட்டுப் பக்கத்தில் வேடந்தாங்கல் ஏரி இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனிச் சிப்பாய்கள் அங்கே வந்து கொக்கு, நாரைகளைச் சுட்டார்கள். ஊர் மக்களுக்குப் பொறுக்கவில்லை. அப்போது செங்கற்பட்டில் லயோனல் பிளேஸ் என்பவர் கலெக்டர். அவரிடம் போய் முறையிட்டார்கள். 'இங்கே யாரும் சுடக் கூடாது' என்று அவர் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். 1798-ஐ ஒட்டி நடந்தது இது. அந்தக் கவுல் தொலைந்துபோய், 1858-இல் மீண்டும் ஒன்று வாங்கினார்கள்.

மக்களுக்கு ஏன் அவ்வளவு அக்கறை? ஜீவகாருண்யம் மட்டும் அல்ல. மரத்தில் கூடு கட்டியிருக்கும் பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. உரம் வாங்காமலே பயிர் செழிக்கிறது! பறவை போனால் விளைச்சல் போகும் என்பது குடியானவனுக்குத் தெரியும். எனவே அவனே காவல்காரன் ஆனான்.

சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை பயப்படுமாம்! கூந்தன்குளத்திலும் இப்படியே. வீட்டு முற்றத்து மரத்தில் நாரை கூடு கட்டினால் லட்சுமி வந்ததாக எண்ணுகிறார்கள்.

அமெரிக்க வழி

அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்றும் வேட்டை உண்டு. கருங்கரடிக்கு ஒரு பருவம். வாத்துக்கு ஒரு பருவம். லைசென்ஸ் பெற்ற வழிகாட்டிகள் தொழில்முறையில் கூட்டிப்போகிறார்கள். மரத்தில் பரண் கட்டிக் கரடிக்குக் காத்திருப்பார்கள். தண்ணீரில் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டு, ஊதுகுழலில் வாத்துக் குரல் எழுப்பி, நிஜ வாத்தை இறக்குவார்கள்.

ஆனால் கணக்கு உண்டு. ஒருவர் ஒரு நாளைக்கு இத்தனைதான் சுடலாம் என்று வரம்பு. 1934 முதல் வாத்து வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் ஒரு விசேஷ முத்திரைத்தாள் வாங்க வேண்டும். இப்போது அதன் விலை 25 டாலர். அந்தப் பணம் எங்கே போகிறது? சதுப்பு நிலம் வாங்கவும், அதைக் காப்பாற்றவும் போகிறது. 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கும் அங்கே தடை. ஏனெனில் குறி தவறிய ரவைகள் சேற்றில் கிடக்கும். வாத்து அவற்றைக் கூழாங்கல் என்று விழுங்கி விஷத்தால் சாகும்.

சுடுகிறவனிடமே பணம் வாங்கி நிலத்தைக் காக்கிறார்கள். இது சரியா தவறா என்று வாதாடலாம். நமக்கு அது ஒத்துவராது; நம் நாட்டில் கொல்லாமையே தர்மம் என்பார்கள். சரி. ஆனால் ஒன்றை அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் வாத்து இல்லை.

துப்பாக்கியைவிடப் பெரிய வேட்டை

இனி மறுபடியும் மணலிக்கு வருவோம்.

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூரில் அனல் மின்நிலையம் 1970-இல் வந்து, 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின்நிலையம் 1990-களில் வந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், பெட்ரோல் வேண்டும், கப்பல் வேண்டும். பல ஆயிரம் குடும்பங்களுக்கு இவற்றால் சோறு கிடைக்கிறது. மறுப்பதற்கில்லை.

ஆனால் இவை எல்லாம் எழுந்த இடம் எது? அலையாத்திக் காடும், உப்பளமும், கழியும், சதுப்பும் இருந்த இடம். மேடாக்க மண் கொட்டினார்கள். குழாய் உடைந்து நிலக்கரிச் சாம்பல் கழியில் கலந்தது. கழியின் ஆழம் குறைந்தது. வலை வீசினால் மீனுக்குப் பதில் சாம்பல் சேறு வருகிறது என்று மீனவர்கள் பல வருஷமாக முறையிட்டு வருகிறார்கள்.

2021 நவம்பரில் கனமழை. பூண்டி ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் புரண்டு வந்தது. மணலி புதுநகர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஜனங்கள் படகில் ஏறி வெளியே வந்தார்கள். ஆற்று நீர் பரவி நிற்கும் சதுப்பு சுருங்கினால், அது வேறு எங்கே போகும்? வாத்து நின்ற இடம் வெறும் இடம் அல்ல. வெள்ளம் தங்கும் இடமும் அதுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு வெள்ளமாக மணலிப் பக்கமிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. படகுகள் கறுத்தன, வலைகள் கறுத்தன, வீட்டுச் சுவர்களில் எண்ணெய்க் கோடு. மீனவர்கள் வாளியும் கையுமாக எண்ணெயை அள்ளினார்கள்.

அப்போது ஒரு காட்சி. வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய கூழைக்கடாக்கள் மார்பும் சிறகும் கறுத்து, கரையில் குந்தியிருந்தன. சிறகில் எண்ணெய் ஒட்டினால் பறவைக்குப் பறக்க முடியாது. தண்ணீர் ஒட்டாத தன்மை போய்விடும்; நனைந்து குளிரில் நடுங்கும். அலகால் கோதிச் சுத்தம் செய்யப் பார்க்கும். எண்ணெய் வயிற்றுக்குள் போகும். வனத்துறையினரும் தொண்டர்களும் அவற்றைப் பிடிக்க முயன்றார்கள். சில அகப்பட்டன. மற்றவை அகப்படாமல் தத்தளித்தன.

துரையின் துப்பாக்கிக்குப் பருவம் உண்டு. மாசி முடிந்தால் அது ஓய்ந்துவிடும். குறி தவறினால் பறவை பிழைக்கும். எண்ணெய்க்குப் பருவம் உண்டா? சாம்பலுக்குக் குறி தவறுமா?

சுட்டுக் கொன்ற வாத்துக்குப் பதில் அடுத்த வருஷம் வேறு வாத்து வரும். மேடாக்கிவிட்ட கழிக்குப் பதில் வேறு கழி வருமா?

என்ன செய்யலாம்?

பழவேற்காட்டின் ஆந்திரப் பகுதி 1976-இலும், தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலும் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. நம் பங்குக்கு 153.67 சதுரக் கிலோமீட்டர். சூளூர்ப்பேட்டையில் பூநாரைத் திருவிழாவே நடத்துகிறார்கள். ஆனால் பழவேற்காட்டுக்குத் தெற்கே உள்ள எண்ணூர் கழிக்குச் சரணாலயம் என்ற மதிப்பு இல்லை. தண்ணீர் என்னவோ ஒன்றுதான். பறவைக்கு எல்லைக்கல் தெரியாது.

வேட்டைக்காலத்து வழிகாட்டியின் வம்சம் இன்னும் இங்கே இருக்கிறது. மீனவர், இருளர் குப்பங்களில், தண்ணீரின் போக்கையும் பறவையின் போக்கையும் அறிந்தவர்கள் உண்டு. பறவை காட்டும் படகோட்டிகளாக அவர்கள் பிழைத்திருக்கலாம். ஆனால் 2011 கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அதன் பின் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. உயிருக்கு ஆபத்தான சவாரி வேண்டாம் என்பது சரி. ஆனால் உயிர்காக்கும் சட்டை, ஆள் கணக்கு, பயிற்சி பெற்ற ஓட்டி என்று ஒழுங்கு செய்து, கரையோரத்தில் பறவை காட்டும் வேலையை அவர்களுக்குக் கொடுக்க முடியாதா?

வேடந்தாங்கல் குடியானவன் பறவையைக் காத்ததற்குக் காரணம், பறவையால் அவன் வயல் விளைந்தது. எண்ணூர் மீனவனுக்கும் அப்படி ஒரு லாபம் இருந்தால் அவனைவிட நல்ல காவல்காரன் கிடைக்கமாட்டான். அவனுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. கழியில் சாம்பல் விழக் கூடாது. எண்ணெய் வரக் கூடாது. முகத்துவாரம் தூர்ந்து போகக் கூடாது. மீன் இருந்தால் அவன் பிழைப்பான். மீன் இருந்தால் கூழைக்கடாவும் பிழைக்கும். இருவர் வழக்கும் ஒன்றே!

1798-ஐ ஒட்டி வேடந்தாங்கல் ஜனங்கள் நடந்து போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள். வந்தவன் வெள்ளைக்காரன், ஆண்டவன் வெள்ளைக்காரன். ஆனாலும் அவர்கள் பேச்சு எடுபட்டது. இன்று ஆள்கிறவர்கள் நம்மவர்கள். கொசஸ்தலைக் கரையில் இருப்பவர்கள் கேட்பதும் அதே போன்ற ஒரு கவுல்தான்.

ஐப்பசி வரும். மழை வரும். இமயத்தைத் தாண்டிப் பறவைகளும் வரும். வருகிறவற்றுக்கு இறங்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது இங்கே இருப்பவர்கள் பொறுப்பு.